நிலை சேரும் பயணம்

நுழையும்முன்

பதினாறு வயதில் வாகனத்தின் சாவி கைக்கு எட்டிவிடுகிறது. அதனை இயக்கும் உரிமையோ பதினெட்டு வயதில்தான் கிட்டுகிறது. இடைப்பட்ட ஈராண்டைத் தடை என எண்ணுவோர் பலர். அது சாலையைக் கற்றுத் தெளிவதற்கு வாய்த்த காலம் என்பதைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் சாலைகளைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

தேரும் முட்டுக்கட்டையும்

ஸ்ரீரங்கம் என வழங்கும் திருவரங்கத்தில் சித்திரைத் திருவிழாவின்போது சித்திரை வீதிகளிலும், தைத் திருவிழாவின்போது உத்திர வீதிகளிலும் தேர் உலா வருகிறது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரின் ஆற்றலால் தேர் முன்னே நகர்கிறது. ஆயினும், அத்தேரை நெறிப்படுத்துவோர் வடம் பிடிப்போர் அல்லர். சக்கரங்களின் அருகே குனிந்தவாறு நடந்துவரும் சிலர், கையில் மரத்தாலான முட்டுக்கட்டைகளை ஏந்தியிருப்பர். தேர் விரையும்போது சக்கரத்தின் அடியில் கட்டையை இட்டு வேகத்தைக் குறைப்பர். வீதி திரும்பும் மூலையில் ஒரு பக்கச் சக்கரத்திற்குக் கட்டையிட்டுத் தேரின் திசையை மாற்றுவர். அவர்களுடைய கண்ணும் கையும் ஒரு நொடி தவறினும் தேர் வீட்டுத் திண்ணைகளின்மீதோ மக்கள் கூட்டத்தின்மீதோ பாய்ந்துவிடும்.

பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுதல்' என்றால் ஒருவரின் முன்னேற்றத்தைத் தடுத்தல் என்று பொருள். தேரோட்டத்திலோ முட்டுக்கட்டை இன்றேல் தேர் நிலை சேர்வதே இல்லை. வேக வரம்பு, தலைக்கவசம், ஓட்டுநர் உரிமம், வயது வரம்பு ஆகியனவும் இளைஞர் சிலருக்குத் தம் விருப்பத்திற்கு இடப்பட்ட முட்டுக்கட்டைகளாகவே தோன்றுகின்றன. தேரின் முட்டுக்கட்டை எதற்காக இடப்படுகிறதோ, அதற்காகவே இவையும் இடப்பட்டுள்ளன.

ஒரு நகரம், பலவகைச் சாலைகள்

திருச்சிராப்பள்ளியின் சாலைகள் ஒரே தன்மையன அல்ல. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதிகள் நடந்து செல்வோருக்காகத் தோன்றியவை. அங்கு வாங்குவோர், விற்போர், சுமை இறக்குவோர், வழிகேட்டு நிற்போர் எனப் பலரும் சாலையின் நடுவிலேயே இயங்குவர். சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடந்து சிந்தாமணி அண்ணா சிலையை அடைந்தால், பல திசைகளிலிருந்து வரும் வாகனங்கள் ஒன்றையொன்று கடக்கும் சந்திப்பு எதிர்ப்படுகிறது. அதற்கு அப்பால், 1976ஆம் ஆண்டில் கட்டப்பட்ட காவிரிப் பாலம் நேராக நீண்டு, விரைந்து செல்லுமாறு ஓட்டுநரைத் தூண்டுகிறது. பாலம் முடிந்ததும் மாம்பழச் சாலையில் ஒரு வழி அம்மா மண்டபம் வாயிலாகத் திருவரங்கத்திற்கும், மற்றொரு வழி திருவானைக்காவிற்கும் பிரிகின்றன.

திருவரங்கத்தின் உள்ளே நிலைமை மீண்டும் மாறுகிறது. ஏழு திருச்சுற்றுகளைக் கொண்ட அக்கோவிலின் வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் உள்ளன. இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் மிதிவண்டிகளும் நடந்து வருவோரும் குறுகிய கோபுர வாயில்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். வாயிலின் நிழலுக்குள் நுழையும் ஓட்டுநருக்கு, எதிர்ப்புறத்து வெயிலில் நிற்பவர் சில நொடிகளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவாறு நடக்கும் வெளியூர்ப் பயணிக்குப் பின்னால் வரும் வாகனம் தெரிவதில்லை.

நகரின் விளிம்பில் தேசிய நெடுஞ்சாலைகள் ஓடுகின்றன. தஞ்சாவூர்ச் சாலையில் பால்பண்ணை முதல் துவாக்குடி வரையுள்ள பகுதியில் அணுகுசாலை வேண்டும் என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கோரி வந்துள்ளனர். அணுகுசாலை இல்லாத இடங்களில், சற்றுத் தொலைவு சுற்றிச் செல்ல மனமில்லாதோர் நெடுஞ்சாலையின் ஓரமாக எதிர்த்திசையில் வாகனத்தைச் செலுத்துகின்றனர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்தின் ஓட்டுநர், தமக்கு நேர் எதிரே ஓர் இருசக்கர வாகனம் வரும் என்று எதிர்பார்ப்பதில்லை.

கடைவீதி, சந்திப்பு, பாலம், கோபுர வாயில், நெடுஞ்சாலை ஆகிய ஐந்தையும் ஓர் ஓட்டுநர் அரைமணி நேரத்தில் கடந்துவிடலாம். இடத்திற்கேற்ப வேகத்தையும் கவனத்தையும் மாற்றிக்கொள்ள அவர் அறிந்திருத்தல் வேண்டும். கைப்பிடியை முறுக்கவும் பிரேக்கை அழுத்தவும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். சாலை மாறுவதை முன்கூட்டியே உணரும் பக்குவம் வருவதற்கு ஆண்டுகள் சில ஆகும்.

எண்கள் உணர்த்தும் உண்மை

உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பது சாலை விபத்து என உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவிக்கிறது. கொடிய நோய்களைவிடச் சாலையே இளையோர் உயிரை மிகுதியாகப் பறிக்கிறது.

இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஒரு மணி நேரத்திற்குப் பத்தொன்பது பேர் என்பது இதன் பொருள். உயிரிழந்தோருள் 9,528 பேர் பதினெட்டு வயது நிரம்பாதோர். உயிரிழப்புகளில் 44.5 விழுக்காடு இருசக்கர வாகனங்களில் சென்றோருடையவை. அவ்வாண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. இஃது எந்த மாநிலத்தையும்விட மிகுதி. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் உயிர் துறந்தனர்.

விபத்துகளைப் 'பொல்லாத நேரம்' என்று கூறிக் கடந்துவிடுவது மக்கள் வழக்கம். இவ்வறிக்கையோ, உயிரிழப்புகளுள் பத்தில் ஏழு அளவுகடந்த வேகத்தால் நேர்ந்தன எனக் காட்டுகிறது. வேகம் என்பது விதியால் வருவதன்று. ஓட்டுபவரின் கையால் வருவது.

வளரிளம் பருவமும் வாகனமும்

வளரிளம் பருவத்தினரின் பார்வை கூர்மையானது. கைகால்கள் விரைந்து இயங்குவன. அவ்வாறிருந்தும் அவர்கள் ஓட்டும் வாகனங்கள் மிகுதியாக விபத்துக்குள்ளாவது ஏன்?

மனித மூளையில் நெற்றிக்குப் பின்புறம் அமைந்த முன்பகுதி, ஒரு செயலின் விளைவை முன்னரே எண்ணிப் பார்க்கவும், உந்துதலை அடக்கவும் துணைபுரிகிறது. அப்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சி அடைகிறது. கிளர்ச்சியையும் பாராட்டையும் நாடும் பகுதிகளோ அதற்கு முன்பே விழிப்புற்று விடுகின்றன. இது குறைபாடன்று, வளர்ச்சியின் ஒழுங்கு. புதியனவற்றை அஞ்சாது முயன்று பார்க்கும் இளமையின் இயல்பு கல்விக்கும் கலைக்கும் விளையாட்டுக்கும் உரமாகிறது. அதே இயல்பு சாலையில் வெளிப்படும்போது, முந்திச் செல்ல இடமில்லாத இடத்தில் முந்தத் தூண்டுகிறது.

நண்பர்கள் உடனிருக்கும்போது இத்தூண்டல் பெருகுகிறது. தனியே செல்கையில் நிதானமாக ஓட்டும் இளைஞர், பின்னால் ஒருவர் அமர்ந்து "அவனை முந்துடா!" என்றதும் தம் கணிப்பைக் கைவிட்டு நண்பரின் சொல்லுக்கு இணங்கிவிடுகிறார். மூவர் ஒரே வண்டியில் ஏறினால் வண்டியின் சமநிலை குலைகிறது. பிரேக் பிடித்தால் நிற்கும் தொலைவும் கூடுகிறது. இருசக்கர வாகனத்தில் ஓட்டுநருடன் மேலும் ஒருவரே செல்லலாம் என்னும் விதிக்கு இதுவே காரணம். இரவு நேரமும் புதிய ஓட்டுநருக்கு இடர் மிகுந்தது. எதிர்வரும் விளக்கொளியில் கண் கூசும் நேரத்தில் எதைப் பார்ப்பது, எங்கே ஒதுங்குவது என்பதைப் பட்டறிவே கற்றுத்தரும்.

இவ்வுண்மையை உணர்ந்த நியூசிலாந்து நாடு, 1987ஆம் ஆண்டில் படிநிலை உரிம முறையைக் கொண்டுவந்தது. அங்கே புதிய ஓட்டுநர் முதலில் பழகுநர் உரிமமும், பின்னர் கட்டுப்பாடுகளுடன் கூடிய உரிமமும், இறுதியில் முழு உரிமமும் பெறுகிறார். இடைநிலையில் இரவில் தனியே ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் வரம்பு உண்டு. பின்னர் பல நாடுகள் இம்முறையைப் பின்பற்றின. இளைஞரைத் தண்டிப்பது இதன் நோக்கமன்று. எளிய சூழலில் பழகிய பின்னர் கடினமான சூழலுக்குச் செல்லுமாறு படிக்கட்டு அமைப்பதே நோக்கம்.

வேகத்தின் கணக்கு

காவிரிப் பாலத்தின்மேல் ஒருவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இருசக்கர வாகனத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒரு நொடியில் அவர் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 16.7 மீட்டர். முன்னே செல்லும் ஆட்டோ திடீரென நிற்கிறது. அதைக் கண்டு, ஆபத்தென உணர்ந்து, கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகுமெனில், பிரேக் செயற்படத் தொடங்கும் முன்பே வாகனம் 25 மீட்டர் ஓடிவிடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றவரோ ஏறத்தாழ அதே 25 மீட்டருக்குள் வண்டியை முழுமையாக நிறுத்திவிடுவார். ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் வேகம் குறையாமலே மோதுகிறார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 20 கிலோமீட்டர் வேகம் மட்டுமே.

தெரிந்து தெளிவோம்

உலர்ந்த சாலை, நல்ல டயர், ஒன்றரை நொடி எதிர்வினை நேரம், சீரான பிரேக் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டால் வாகனம் நிற்பதற்கு வேண்டிய தொலைவு ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:
மணிக்கு 30 கி.மீ. – 18 மீட்டர்
மணிக்கு 40 கி.மீ. – 26 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. – 45 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. – 69 மீட்டர்
மழை பெய்த சாலையிலும் மணல் படிந்த சாலையிலும் இத்தொலைவு மேலும் கூடும்.

வேகம் இருமடங்காகும்போது இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல் பாடம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும். நான்கு மாடி உயரத்திலிருந்து குதிக்க எவரும் துணியார். அதற்கு ஈடான ஆற்றலை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு செல்கிறோம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கைப்பேசியின் இடரையும் இக்கணக்கே விளக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், வந்த செய்தியைப் பார்க்க இரண்டு நொடி தலைகுனிந்தால், ஏறத்தாழ 28 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர் ஆகிறார். தலைக்கவசத்தினுள் கைப்பேசியைச் செருகிப் பேசுபவரின் கண் சாலையில் இருப்பினும் கருத்து உரையாடலில் இருக்கும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையாளுதல் ஆபத்தாக வாகனம் ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

தலைக்கவசம் பிறந்த கதை

'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயப் படைவீரரும் எழுத்தாளருமான தா. எ. லாரன்ஸ், விரைவு வாகனங்களில் பெருவிருப்பம் கொண்டவர். 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தம் மோட்டார் சைக்கிளில் சென்றார். மிதிவண்டிகளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாமல் விலக முயன்றபோது தூக்கி எறியப்பட்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தலையில் பட்ட காயத்தால் ஆறு நாள்களுக்குப் பின் உயிர் நீத்தார்.

அவருக்கு மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டோருள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கு ஏற்படும் தலைக்காயங்களை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். போர்க்காலத்தில் செய்தி கொண்டுசெல்லும் படைவீரர்கள் பலர் தலைக்காயத்தால் இறந்ததைச் சுட்டிக்காட்டி, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து, பிரித்தானியப் படையில் செய்தி கொண்டுசெல்லும் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஒருவரின் இறப்பிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, எண்ணற்றோரின் உயிரைக் காக்கும் பழக்கமாக உலகெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து 2015ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து ஓட்டுநரும் பின்னிருக்கையில் அமர்பவரும் தலைக்கவசம் அணிவது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. தலைக்கவசம் இறப்பு நேரும் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைக்கிறது என ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஆயினும், 2022இல் இந்தியாவில் தலைக்கவசம் அணியாது சென்று உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றோர்.

தலைக்கவசத்தின் உட்புறத்திலுள்ள நுரைப்பகுதி மோதலின்போது நசுங்கி, அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்குதல் வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாமல் அணிந்த கவசம், விழும் நொடியில் தலைக்கு முன்பே தரையைச் சேர்ந்துவிடும். பெட்ரோல் தொட்டியின்மேல் வைத்துக்கொண்டு, காவலரைக் கண்டதும் அணியப்படும் கவசம் தண்டத் தொகையிலிருந்து மட்டுமே காக்கும்.

கன்றும் கொற்றவனும்

இளைஞர் ஒருவர் ஓட்டிய ஊர்தியால் ஓர் உயிர் பறிபோன செய்தி தமிழரின் பழங்கதைகளுள் ஒன்றாகவே விளங்குகிறது. திருவாரூர் வீதியில் சோழ இளவரசன் தேரேறிச் சென்றான். துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று அவன் அறியாமலே தேர்க்காலில் சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டது. மனுநீதிச் சோழன் நீதி வழங்க முற்பட்டான். பெரியபுராணம் இந்நிகழ்வை விரிவாகப் பாடுகிறது. 'மகன் வேண்டுமென்று செய்யவில்லையே' என அமைச்சர்கள் எடுத்துரைத்தும் மன்னன் அதை ஏற்கவில்லை. மகன் செய்த பிழைக்குத் தந்தையாகிய தானும் பொறுப்பு என உணர்ந்ததே அவனுடைய துயரத்தின் ஆழம்.

அறியாமல் நேர்ந்தது என்பதனால் கன்று உயிர் பெற்று எழுவதில்லை. இவ்வுண்மையை இன்றைய சட்டமும் தன் வழியில் கூறுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதோர் பொதுச்சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. 50 சிசிக்கு மேற்படாத வாகனத்தை மட்டும் பதினாறு வயது நிரம்பியோர் உரிமம் பெற்று ஓட்டலாம். இன்று புழங்கும் ஸ்கூட்டர்களுள் பெரும்பாலானவை அவ்வரம்பைக் கடந்தவை. மின்வாகனம் எதற்கும் உரிமம் வேண்டா என்பதும் தவறான எண்ணம். 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய எளிய வண்டிகளுக்கே விலக்கு உண்டு.

2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 199ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். அவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். தம் அறிவுக்கு எட்டாமல் அது நிகழ்ந்தது என்பதை மெய்ப்பிக்கும் கடமையும் அவரையே சாரும். வாகனத்தின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய இளையவர் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற இயலாது. இரண்டு ஆண்டு பொறுத்திருக்க மனமின்றி ஏறியவர், அதனினும் பன்மடங்கு காலம் காத்திருக்க நேர்கிறது.

'பக்கத்துக் கடைக்குத்தானே', 'தனிப்பயிற்சி வகுப்புக்கு நேரமாகிறதே' எனக் கூறிப் பெற்றோரே சாவியைத் தருவதும் உண்டு. அதனை அன்பு என்று அவர்கள் எண்ணுகின்றனர். அத்தகைய வேளையில், "உரிமம் வாங்கிய பிறகு ஓட்டுகிறேன், அப்பா" என்று மறுக்கும் மகனோ மகளோ தம்மை மட்டுமன்றிப் பெற்றோரையும் காக்கின்றனர்.

தேர்மணியின் நாவைக் கட்டியவன்

அகநானூற்றின் நான்காம் பாடல் குறுங்குடி மருதனார் பாடியது. வினை முடித்து இல்லம் திரும்பும் தலைவனின் தேர் அதில் இடம்பெறுகிறது. சோலையில் பூந்தாது உண்ணும் வண்டுகள் ஒலி கேட்டு அஞ்சிக் கலையுமே என எண்ணி, அவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். காத்திருக்கும் தலைவியைக் காண விரைபவன் அவன். விரைவு இருந்தும் வழியிலுள்ள சிற்றுயிரின் அமைதியைக் குலைக்க அவன் மனம் ஒப்பவில்லை.

சாலைப் பண்பாட்டிற்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை. மருத்துவமனை வாயிலிலும் பள்ளி வாயிலிலும் காரணமின்றி ஒலிப்பான் அடிப்பவர், புகைபோக்கியை மாற்றி இடியென முழங்கச் செய்பவர், தேங்கிய நீரை நடந்து செல்வோர்மீது வாரி இறைப்பவர் ஆகியோர் சாலை தமக்கு மட்டுமே உரியது எனக் கருதுகின்றனர். சமயபுரம் திருவிழாக் காலங்களில் பக்தர்கள் கூட்டமாக நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு பகலாக நடந்து செல்வர். வெறுங்காலுடனும் களைப்புடனும் வரும் அவர்களுக்கு ஒதுங்கும் விரைவு இராது. வேகத்தைக் குறைத்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, இடைவெளி விட்டுக் கடந்து செல்லும் ஓட்டுநர் அகநானூற்றுத் தலைவனின் வழிவந்தவர்.

உரிமத்திற்கு முந்தைய ஈராண்டு

பதினாறு வயது மாணவர் நாள்தோறும் சாலையில்தான் இருக்கிறார். நடந்தோ, மிதிவண்டியிலோ, பேருந்திலோ, பின்னிருக்கையிலோ அவர் செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒரு வகுப்பு.

நடந்து செல்பவராக, வண்டிகள் எந்த இடத்தில் தம்மைக் காணத் தவறுகின்றன என்பதை அவர் அறியலாம். நாளை ஓட்டுநர் ஆகும்போது அவ்விடங்களில் வேகத்தைத் தாமே குறைப்பார். மிதிவண்டி ஓட்டுபவராக, இடப்புறம் செல்லுதல், திரும்புமுன் பின்னால் பார்த்துக் கைச்சைகை காட்டுதல், பிரேக்கைச் சீராகப் பிடித்தல் ஆகியவற்றைக் குறைந்த வேகத்தில் பழகலாம். பெருவண்டியின் இடப்பக்கத்தில் நெருங்கிச் செல்லலாகாது என்பதையும் அறியலாம். அங்கே இருப்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தென்படாமல் போகக்கூடும். நகரப் பேருந்தில் முன்பகுதியில் நிற்கும் நாளில் ஓட்டுநரின் பார்வையைக் கவனிக்கலாம். அண்ணா சிலைச் சந்திப்பை நெருங்குமுன்பே அவருடைய கால் வேகத்தைத் தளர்த்திவிடுவதைக் காணலாம். பாலக்கரை வட்டச் சந்திப்பில், ஏற்கெனவே சுற்றி வரும் வாகனத்திற்கு வழிவிட்டு நுழைவோர் எத்தனை பேர், இடித்து நுழைவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பின்னிருக்கையில் அமர்பவருக்கும் கடமை உண்டு. தலைக்கவசம் அணிதல், சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதவாறு கட்டிக்கொள்ளுதல், ஓட்டுபவரை விரைவுபடுத்தாதிருத்தல் ஆகியன அவர் பொறுப்பு. "கொஞ்சம் மெதுவாகப் போ" என்னும் சொல், தக்க நேரத்தில் தோழமையின் முட்டுக்கட்டையாக அமையும்.

பதினெட்டு வயது நிரம்பியதும் முதலில் பழகுநர் உரிமம் பெறுதல் வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். அக்காலத்தில் வண்டியில் சிவப்பு நிற 'எல்' எழுத்துப் பலகை இருத்தல் வேண்டும். குறைந்தது முப்பது நாள் பழகிய பின்னரே நிலையான உரிமத்திற்கான தேர்வை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எதிர்கொள்ள இயலும். உரிமம் பெற்ற பின்னும் முதல் சில மாதங்களில் இரவுப் பயணம், மழை, நெடுஞ்சாலை, நண்பர் கூட்டம் ஆகியவற்றைத் தவிர்ப்பவர், சட்டம் கேளாத படிநிலை உரிமத்தைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டவர் ஆவார்.

உயிர்காக்கும் முதல் நேரம்

விபத்தைக் காண நேர்ந்தால், காட்சியைப் படமெடுக்காமல் 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இச்சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நிகழ்விடத்தை அருகிலுள்ள கோவில், பாலம், பேருந்து நிறுத்தம் முதலியவற்றைக் குறிப்பிட்டுத் தெளிவாகக் கூறினால் ஊர்தி விரைந்து வரும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைப் பயிற்சி இல்லாதோர் தூக்கி அசைப்பது தீங்கு பயக்கும். குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்கலாம்.

உதவினால் காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய நேருமோ என்னும் அச்சம் இனித் தேவையில்லை. உதவி செய்வோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்சநீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தமும் அப்பாதுகாப்பை 134ஏ பிரிவாகச் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேர மருத்துவம் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

சாலையில் செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே அவருக்காகக் காத்திருப்போர் உண்டு. தேர்த் திருவிழாவில் தேர் எத்துணை விரைவாக ஓடியது என்று எவரும் கேட்பதில்லை. நிலைக்கு வந்துவிட்டதா என்றே கேட்கின்றனர். மாலையில் பிள்ளைகளின் வருகையை நோக்கி வாயிலில் நிற்கும் பெற்றோரின் கேள்வியும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. பள்ளிக்கு வரும் வழியிலுள்ள ஒரு சாலைச் சந்திப்பைப் பாதுகாப்பான இடத்தில் நின்று அரைமணி நேரம் கவனித்து, தலைக்கவசம் அணிந்து சென்றோர், அணியாது சென்றோர் எண்ணிக்கையை அட்டவணையாக்கி வகுப்பறையில் விளக்குக.

2. உரிமம் பெறும் வயதை எட்டாத நண்பரைப் பெற்றோர் வாகனம் ஓட்டச் சொல்கின்றனர். அவர் தம் தந்தையிடம் பணிவுடன் மறுப்பதாக ஓர் உரையாடல் எழுதுக.

3. உங்கள் ஊர்த் தேரோட்டத்தில் தேரை நிறுத்தவும் திருப்பவும் கையாளப்படும் முறைகளை மூத்தோரிடம் கேட்டறிந்து, அவற்றுக்கு வழங்கும் சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. 'முட்டுக்கட்டை' என்னும் சொல் பேச்சு வழக்கிலும் தேரோட்டத்திலும் உணர்த்தும் பொருள் யாது?
2. படிநிலை உரிம முறை என்பது யாது?

சிறுவினா
1. மணிக்கு 40 கி.மீ., 60 கி.மீ. வேகங்களில் செல்லும் இரு வாகனங்களைக் கொண்டு வேகத்தின் இடரை விளக்குக.
2. அகநானூற்றுத் தலைவனின் செயல் இன்றைய சாலைப் பண்பாட்டிற்கு எவ்வாறு வழிகாட்டுகிறது?

நெடுவினா
1. 'இளையோர் ஓட்டும் வாகனத்திற்குப் பெற்றோரும் பொறுப்பாவர்' – மனுநீதிச் சோழன் வரலாற்றையும் இன்றைய சட்டத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.